மூடினால் ஒன்பது அடி

செண்பகம் தன்னுடைய அடுக்களைக்குள் உட்கார்ந்திருந்தாள். அடுக்களை என்றால் என்ன, தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட நாலு கோடு. கோட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அவள், அவளுக்கு மேலே வைகாசி வெயில். இதில் ஒரு ஆடு வேறு, சுவர் வரப்போகிற இடம் என்றெல்லாம் பாராமல் ஹாலுக்குள் நுழைந்து, நடு அறையைக் கடந்து, அடுக்களைக்குள் வந்து அவள் முந்தானையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. போ, நீயாவது நினைச்ச பக்கம் போ என்று விட்டுவிட்டாள். காலையில் ஆலங்குளத்தில் பஸ் விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வந்தபோது வாயில் போட்ட இட்லி, அதோடு சரி, ஒரு வாய் காப்பிக்கு வழியில்லை, சுற்றிலும் பொட்டல், தூரத்தில் காத்தாடி மரங்கள் மாதிரி நிற்கிற காற்றாலைகள், மேற்கே மலை. அங்கே அந்த மூணு பேரும் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், கையில் சுருட்டிய பிளானோடு. வாஸ்து பார்க்கிற பூதலிங்கம், கையில் சிவப்புப் புள்ளி அடித்து அளவு காட்டுகிற மிஷினோடு. என்ஜினியர் பிள்ளை ரோஸ்லின், துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு. அந்த மிஷினுக்குச் சுவர் வேண்டுமாம், புள்ளி போய் முட்ட. சுவர் எங்கே இருக்கிறது? அதனால் ரோஸ்லின் கோட்டின் மேல் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவராக நிற்கிறாள். பாவம், நாலு வருசம் படித்துவிட்டு. அவர்கள் நிற்பது நடு அறை. ஒரே ஒரு அடி. ஒரு அடிக்குத்தான் காலையிலிருந்து இந்த ரோதனை. அந்த அறை ஒன்பது அடி இருக்கிறது, மனையடி சாஸ்திரப்படி ஒன்பது ஆகாது, ஒன்று எட்டாக்குங்கள், இல்லாவிட்டால் அடுக்களையின் பதினோரு அடியில் ஒரு அடி எடுத்து அறையைப் பத்தாக்குங்கள் என்கிறார் பூதலிங்கம். எட்டாக்க முடியாது என்கிறார் வீட்டுக்காரர். அடுக்களையில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் பேசுகிறார்கள். மத்தியானம் மண் தோண்டுகிற வண்டி வந்துவிடும். இன்றைக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாவிட்டால் வைகாசி போச்சு, அப்புறம் ஆவணி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவளுக்கு இந்த வீட்டை யாரிடமும் விளக்கிச் சொல்லவே முடிந்ததில்லை. எத்தனை பெட்ரூம் மைனி என்று கேட்கிறார்கள். ஒன்று என்று சொல்வதா, ரெண்டு என்று சொல்வதா? மூடினால் ரெண்டு, திறந்தால் ஒன்று. இது என்ன வீடா, வித்தை காட்டுகிறவன் பெட்டியா? ஒரே வரிசையில் நீளமாகப் போகும். மேற்குக் கடைசியில் அவர்கள் ரெண்டு பேரும் படுக்கிற அறை, அடுத்து ஹால், அடுத்து அந்த நடு அறை, கிழக்குக் கடைசியில் அடுக்களை. எல்லாவற்றுக்கும் தெற்கே ஒரு சன்னல், வடக்கே ஒரு சன்னல், காத்து போக. மலையிலிருந்து இறங்குகிற காத்தைப் பிடித்து உள்ளே திருப்பிவிட ஒவ்வொரு சன்னல் பக்கத்திலும் நீட்டிக்கொண்டு ஒரு துண்டுச் சுவர். மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு, வெயில் வந்த வழியே திரும்பிப் போக. செங்கல் சுவருக்கு நடுவில் பொந்து விட்டுக் கட்டணும், சூடு உள்ளே வராமலிருக்க. பொந்து விட்டால் பல்லி வருமே என்றாள். அது மூடிய பொந்து என்றார் இவர். பல்லியிடம் பிளானைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் போல. ஆயுசு பூராவும் மின்வாரியத்தில் இருந்து ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்த மனுசன், ரிட்டயர் ஆன அன்றையிலிருந்து கரண்டே வேண்டாம், காத்து போதும், வெளிச்சம் போதும் என்று கிறுக்குப் பிடித்து அலைகிறார். பாளையங்கோட்டை வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கக் கட்டம் போட்ட தாள். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கிறது, சத்திரத்தில் சாப்பிடுகிற மாதிரி. கேஸ் அடுப்பு கிடையாதாம், கூரையில் சோலாராம், அந்தக் கரண்டில் இண்டக்சன் அடுப்பாம். அதில் அப்பளம் சுட முடியுமா, கத்திரிக்காய் சுட முடியுமா? கேட்டால், ஒரு கத்திரிக்காய்க்காக வீடு பூரா சூடாகணுமா என்கிறார். கத்திரிக்காய் சுட்டு வீடு சூடாகாது, இவர் பேசினால்தான் ஆகும். மேசை சுவரோடு மடங்கும். பெஞ்சு மடங்கும். நடு அறைக் கட்டில்கூட அடுக்களைச் சுவரில் ரயில் பெர்த் மாதிரி நட்டக்குத்தலாக நிற்குமாம், வேண்டும்போது இறக்கிப் போட்டுக்கொள்ளலாமாம். எல்லாம் மடக்கு. பிறகு நம்மளையும் மடக்கி ஆணியில மாட்டிருங்க என்று ஒருநாள் சொன்னாள். அதற்கும் சிரிக்காமல், எடம் மிச்சம்தான் என்றார். இந்தக் கூத்து எதிலும் அவள் தலையிடவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எனக்கு அடுக்களை பெருசா வேணும், பதினோரு அடி, ஒரு விரக்கடைகூடக் குறையக் கூடாது. எதுக்கு அவ்வளவு பெருசு, ரெண்டு பேருக்குச் சமைக்க என்று அவர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கே போய் நிற்கும், மகன் நம்பியிடம்தான் போய் நிற்கும். பாளையங்கோட்டை வாடகை வீட்டு அடுக்களையில் ரெண்டு பேர் நின்றால் முதுகும் முதுகும் உரசும். அதனால் நம்பி எப்போதும் வாசலில்தான் நிற்பான், நிலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை மேல்கட்டையில் இடிக்காமல் குனிந்துகொண்டு. அப்படி நின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவான், தேங்காய்ச் சில்லை எட்டி எடுத்து வாயில் போடுவான், ஏலே உக்காரேன்லே என்றால் எங்கன உக்கார என்பான். உட்கார இடமில்லை, உள்ளதுதான். புது அடுக்களையில் வடக்குச் சன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட இடம் விட்டிருக்கிறாள், மனசுக்குள். ரோஸ்லினிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளையோ ஓசூரில் ரோசாப்பூப் பண்ணையில் கிடக்கிறான். முன்னே இவர்தான் தெரிந்தவர் ஒருத்தரைப் பிடித்து அவனை டவர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டார். கூட வேலை பார்த்த பையன் ஒரு மழை நாளில் மேலேயிருந்து விழுந்தான். நம்பி கண்ணால் பார்த்தான். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை, மூணாம் நாள் இனிமேல் போக மாட்டேன் என்றான். போக மாட்டேன் என்றால் விட வேண்டியதுதானே. இவருக்கு வந்ததே ஆங்காரம். நான் ஏறாத கம்பமா, நான் பாக்காத சாவா, பயந்தாங்கொள்ளிக்கு இந்த வீட்டுல எடம் கெடையாது என்றார். சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான், செருப்பைக்கூடத் தெருவில் போய்த்தான் மாட்டினான். அவள் அந்த நேரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது, அதை அணைக்கப் போன நேரத்தில் அவன் தெருமுனை திரும்பிவிட்டான். அந்தப் பாலை நினைத்தால் இப்பவும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது, அவளுக்கு. அந்த நேரம் இவர் டிவி சத்தத்தைக் குறைப்பார். காது கொடுத்துக் கேட்கவா, அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கவா, யார் கண்டது. பேசு என்று போனை நீட்டினால் கையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அவனும் அப்பா எங்கே என்று கேட்பதில்லை, அங்க கரண்டு இருக்கா என்று கேட்பான், இருக்கு என்று அவள் சொல்வாள், இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் இவர் தாளை விரித்து, விரலை வைத்துக் காட்டினார். ஹாலுக்கும் நடு அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, மடக்குச் சுவர்தான், பலகை பலகையாக மடங்கி ஓரமாகப் போய் ஒடுங்கிக்கொள்ளும். திறந்தா ஹாலு, மூடினா ரூமு. யாராவது வந்தா மூடிக்கிடலாம், இல்லேன்னா திறந்து கெடக்கட்டும். யாராவதா? பெற்ற பிள்ளை யாராவது ஆகிவிட்டான். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை அவளுக்கு. சுவர் வைங்க, கதவு வைங்க, அது நம்பி அறைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவன் வந்தா வாரான், வராட்டா பூட்டிக் கெடக்கட்டும், நான் தூத்துத் தொடச்சு வச்சுக்கிடுதேன் என்றாள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, காலியாக் கெடக்குற அறைக்கு எதுக்குச் சுவரு, காத்தைத்தான் மறிக்கும் என்றார். காத்து, காத்து, காத்து. பிள்ளை இல்லாத அறையைப் பார்க்க இவருக்குத் தைரியம் கிடையாது, அதுதான் விசயம். அறையே இல்லாமல் பண்ணிவிட்டால் காலி அறையும் இருக்காது பாருங்கள், என்ன மூளை. பாளையங்கோட்டை வீட்டில் நம்பி கட்டில் கிடந்தது பாத்ரூம் போகிற வழியில். சாதாரணக் கட்டில், அவன் உயரத்துக்கு எப்படிக் காணும், ரெண்டு காலும் ஒரு சாணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காலையில் இவர் தூக்கக் கலக்கத்தில் போய் அதில் இடித்துக்கொண்டு, இது வீடா ரயில்வே கேட்டா என்று கத்துவார். அவன் தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொள்வான், இவர் தாண்டிப் போனதும் மறுபடி நீட்டுவான். அவன் போன பிறகும் இவர் அந்த இடத்தில் உடம்பை ஒதுக்கிக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போகிறார். அதைப் பார்த்தால் அவளுக்கு முதலில் பாவமாக இருக்கும், அப்புறம் எரிச்சலாக வரும். ஒதுங்கத் தெரியுதுல்லா, கூப்பிடத் தெரியாதா?

வாஸ்துவைக் கொண்டுவந்ததும் அவள்தான், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். வாடகை வீட்டு ஹாலை ஒருநாள் சும்மா அளந்து பார்த்துவிட்டு, மைனி இது பதினெட்டுல்லா, பதினெட்டு ஆகவே ஆகாது, இருக்கிற குடும்பத்தைப் பிரிக்காம விடாது என்று பூதலிங்கம் சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பூதலிங்கம் என்ன பெரிய சாஸ்திரியா, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார், ஓய்ந்த நேரத்தில் மனையடி. ஆனால் சொன்னது நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டதே. புது வீட்டில் ஒரு அளவு தப்பக் கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இவர் முதலில் குதித்தார், அடிக்கணக்குல என்ன நல்லது கெட்டது, அடிங்கிறதே வெள்ளைக்காரன் கொண்டாந்தது என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சரி அளந்துக்கோ என்று விட்டுவிட்டார். அளந்தால் இந்தக் கோளாறு. மூடுகிற சுவர், திறக்கிற சுவர், இதற்கு எந்த சாஸ்திரத்தில் அளவு சொல்லியிருக்கிறது? பூதலிங்கம் காலையிலிருந்து இருபது தடவை தலையைச் சொறிந்துவிட்டார். ரோஸ்லின் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தாள். மேற்கேயிருந்து ஒரு காத்து சுழற்றிக்கொண்டு வந்து ஹால் சுவரில் பாதியை அள்ளிக்கொண்டு போனது. இந்தக் காத்துக்குத்தானே இத்தனை சன்னல், வாங்கிக்கோங்க. கண்ணில் சுண்ணாம்பு விழுந்து செண்பகம் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பூதலிங்கத்தின் குரல் கேட்டது, வழி கண்டுபிடித்துவிட்ட குரல்.

அண்ணாச்சி, நாம எதுக்கு மண்டைய ஒடைக்கணும், ரொம்பச் சுளுவுல்லா இது என்று அவர் ஆரம்பித்தார். அந்த மடக்குச் சுவரு எப்பவும் திறந்தே கிடக்கப் போகிறது என்றால் அது அறையே கிடையாது, ஹாலோடு சேர்ந்துவிடும். ஹால் பதினொன்று, இது ஒன்பது, மொத்தம் இருபது. இருபது என்றால் ராஜயோகம், கண்ணை மூடிக்கொண்டு வானம் தோண்டலாம். அடுக்களையைத் தொட வேண்டாம், எட்டாக்க வேண்டாம். எப்பவும் மூடியே கிடக்கும் என்றால்தான் அது தனி அறை, ஒன்பது, ஆகாது. ஒரு வீட்டுக்கு எது வழக்கமோ அதுதான் கணக்கு. “சொல்லுங்க அண்ணாச்சி. நித்தம் எப்படி இருக்கும்? திறந்தா, மூடியா?”

செண்பகத்துக்குக் கண் எரிச்சல் நின்றுபோனது. முந்தானை கையிலேயே இருந்தது. வந்தாச்சு, இதற்குத்தானே இத்தனை நாள் தாள் தாளாகக் கிழித்துப் போட்டார். ஒரு வார்த்தை. திறந்து என்று சொன்னால் போதும், எல்லாச் சிக்கலும் முடிந்தது, பூதலிங்கம் மிஷினைப் பையில் போட்டுவிடுவார், வண்டி வந்து தோண்டிவிடும், நம்பிக்கு இந்தப் பூமியில் அவன் அப்பா கட்டின வீட்டில் ஒரு அறை கிடையாது என்று சாஸ்திரப்படி முடிவாகிவிடும். அதுவும் ராஜயோகத்தோடு. அவர் வாயால் சொன்னால் அவர் முதலில் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், எடம் கெடையாது என்று அன்றைக்கு வாயால் சொன்னார், இன்றைக்கு சிமிண்டால் சொல்லப் போகிறார். அவள் வரவழைத்த ஆளை வைத்தே சொல்லப் போகிறார். சண்டை போடலாம். எழுந்து போய் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்கலாம், ஆட்டுக்குப் போடலாம். ஆனால் சண்டை போட்டு வாங்குகிற அறைக்குள் பிள்ளை எப்படி வந்து படுப்பான், கால் மடக்கிக்கொண்டா? ஏன் இவர் பேசாமல் நிற்கிறார்? எப்போது பார்த்தாலும் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி. மூடி என்று அவள் சொல்லிவிடலாமா? மூடி என்றால் ஒன்பது. ஒன்பதில் அவனைப் படுக்க வைக்க முடியுமா, பதினெட்டில் பட்டது போதாதா? அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது, தண்ணிக் கேன் எங்கே என்று கீழே பார்த்தாள், கேன் நாற்காலிக் காலடியில் இருந்தது, எடுக்கவில்லை. ஆவுடையப்பன் தாளை விரித்தார், பார்த்தார், திரும்பச் சுருட்டினார். காற்றாலை ஒன்று சுற்றத் தொடங்குகிறதை நின்று பார்த்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஓய் மனுசா, வாயைத் திற.

“மூடித்தான் இருக்கும்” என்றார்.

பூதலிங்கத்துக்கு முகம் தொங்கிப்போனது. அப்ப ஒன்பதாச்சே அண்ணாச்சி, எட்டாக்கிடுங்க என்று மறுபடியும் தொடங்கின இடத்துக்கே வந்தார். செண்பகத்துக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று இருந்தது. மூடியா? யாருக்காக மூட? காற்றை மறிக்கும் என்று சொன்ன வாய்தானே இது? அங்கே ரோஸ்லின், காலையிலிருந்து சுவராக நின்ற பிள்ளை, முதல் தடவையாகப் பொறுமை இழந்தாள். “சார், எட்டு தாராளமாப் போதும் சார். மடக்குக் கட்டில இறக்கிப் போட்டா ஆறேகால். மிச்சம் ஒண்ணே முக்கால் அடி, நடக்க அது போதும். எதுக்கு சார் ஒன்பது?” என்றாள். அதானே, எதற்கு ஒன்பது? செண்பகத்துக்கும் அது புரிந்ததே இல்லை. காத்துக்கு என்று ஒருநாள் சொன்னார், சன்னல் அளவுக்கு என்று ஒருநாள் சொன்னார், பலகை அப்படித்தான் வரும் என்று ஒருநாள் சொன்னார், கேட்கிற ஆளுக்கு ஏற்ப ஒரு காரணம்.

அவர் பிளானை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ரோஸ்லினைப் பார்க்கவில்லை, பூதலிங்கத்தைப் பார்க்கவில்லை, தரையில் கட்டில் வரப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அதுவும் யாரோ அதட்டிக் கேட்ட மாதிரி வேண்டா வெறுப்பாக. “கட்டில் ஏழேகாலுக்குச் சொல்லியிருக்கேன். ஆறேகாலு அவனுக்குப் பத்தாது. கால் வெளிய கெடக்கும்.”

அட மனுசா, என்று செண்பகத்துக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்து விழுந்த மாதிரி இருந்தது, அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம், அடிவயிற்றிலிருந்து வந்தது. இதைச் சொல்ல இத்தனை மாசமா? சாப்பாட்டு மேசையை நிறைத்துக்கொண்டு, துண்டுச் சுவர், பொந்துச் சுவர், வெள்ளை ஓடு என்று உலகத்தில் உள்ளதெல்லாம் வாய் ஓயாமல் பேசின மனுசனுக்கு இந்த ஒன்றைச் சொல்ல நாக்கு வளையவில்லையா? நாலு கோட்டுக்குள் ஏழேகால் அடிக் கட்டிலை ஒளித்து வைத்துக்கொண்டு, அவளிடம் காத்து என்றும் பலகை என்றும் கதை விட்டுக்கொண்டு, அவள் ஒரு பக்கம் சோறு இறங்காமல் கிடக்க, அவர் ஒரு பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு. இப்படி ஒரு அழுத்தம் பிடித்த ஆளோடு ஒருத்தி குப்பை கொட்டினாள் என்று யாரிடம் சொல்லி அழ? அந்தக் காலில் தினமும் இடித்துக்கொண்டு கத்தின மனுசன். கத்திக்கொண்டே அளந்திருக்கிறார், எவ்வளவு வெளியே கிடக்கிறது என்று. சரி, அவள் மட்டும் என்ன வாழ்ந்தது, வடக்குச் சன்னலோரம் ஸ்டூல் போடப் போகிறேன் என்று அவளாவது யாரிடமாவது சொன்னாளா, அடுக்களையில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று கத்தத்தானே தெரிந்தது. ஒரு அடி. எட்டும் இல்லாமல் பத்தும் இல்லாமல் ரெண்டு பேரும் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது ஒரே பிள்ளைக்காகவா? இதைக் கேட்டால் அவன் சிரிப்பான். நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நின்றுகொண்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பான்.

அவள் எழுந்தாள். நாற்காலியை ஒரு அடி இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு அடுக்களைக்கும் நடு அறைக்கும் நடுவில் இருந்த வெள்ளைக் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்தாள், தெற்குக் கடைசியிலிருந்து வடக்குக் கடைசி வரைக்கும், சாணி மெழுகுகிற மாதிரி நிதானமாக. ஸ்டூல் போட நினைத்த இடம் அந்த ஒரு அடியோடு போயிற்று. போகட்டும், கீழே உட்காரட்டும், தடிமாடு, சப்பணம் கட்டிக் கீழே உட்கார்ந்து தின்னட்டும். ரோஸ்லின் ஓடிவந்து, ஆன்ட்டி என்ன பண்றீங்க என்றாள்.

“அடுக்களைக்குப் பத்து போதும்மா” என்றாள் செண்பகம். “அந்த அறையப் பத்தாப் போடு.”

பூதலிங்கம் விரல் விட்டு எண்ணினார். அடுக்களை பத்து, நல்லது. அறை பத்து, நல்லது. திறந்தாலும் பதினொன்றும் பத்தும் இருபத்தொன்று, அதுவும் நல்லது. மைனி, இனிமே திறந்தாலும் சரி மூடினாலும் சரி, ஒரு குறையும் சொல்ல முடியாது என்று தானே கட்டி முடித்த மாதிரி பூரித்துப் போனார். காலையில் இதைத்தானே நான் சொன்னேன் என்று வேறு சேர்த்துக்கொண்டார். சொன்னீங்க தம்பி, யாரு இல்லேன்னா, கொஞ்சம் அந்தத் தண்ணிக் கேனை எடுங்க என்றாள் அவள். ரோஸ்லின் சுண்ணாம்புப் பொடியை வாங்கிப் புதுக் கோடு போடத் தொடங்கினாள், நூலை ஒட்டி, குனிந்து, காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அறைக்குக் கதவு வருகிற இடத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கம் தொடர்ந்தாள்.

ஆவுடையப்பன் நடு அறையிலேயே நின்றார், இன்னும் சுருட்டிய தாளோடு. பிறகு அவள் பக்கம் வந்தார். காலையிலிருந்து எல்லாரும் சுவரைச் சுவர் என்று பாராமல் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள், அவரும்தான். இப்போது அந்தப் புது வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, கதவுக்கு விட்ட இடைவெளி வழியாகச் சுற்றி வந்தார். வந்து வெயில் மறைக்கிற மாதிரி நின்றுகொண்டு, உனக்கு நெசமாவே பத்து போதுமா என்று கேட்டார். அவள் தண்ணியைக் குடித்து முடித்து, மூடியைத் திருகினாள்.

“ஞாயித்துக்கிழமை போன் வரும். நீங்க எடுங்க.”

அவர் மலையைப் பார்த்தார். காற்றாலையைப் பார்த்தார். “என்னத்தப் பேச?”

“கட்டில் ஏழேகால் போதுமான்னு கேளுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

அவர் மனசுக்குள் பையனை நட்டக்குத்தலாக நிறுத்தி, படுக்க வைத்து, தலைமாட்டுக்கு இவ்வளவு, கால்மாட்டுக்கு இவ்வளவு என்று அளந்து பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு, ஏழேகால் தாராளமா போதும், கேக்கவே வேண்டாம் என்றார்.

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“போதும்னு எனக்கும் தெரியும். நீங்க அவன்ட்ட கேக்கணும்னுதான் சொன்னேன்.”